கட்டியே வைக்க வேண்டும்

காலனி சங்கச் செயலாளர் என்பது யாரும் போட்டியிட்டு வாங்கும் பதவி அல்ல. கூட்டத்துக்கு வராதவன் தலையில் கட்டப்படுவது. உங்கள் காலனியில் நீங்கள்தான் அந்த ஆள் என்றால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நம் வேதனை நமக்குத்தான் தெரியும். தெருவிளக்கு எரியாவிட்டால் நம்மைத் திட்டுவார்கள். எரிந்தால், பகலிலும் எரிகிறதே என்று திட்டுவார்கள். குப்பை, கொசு, தண்ணீர் எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்துவிடலாம். நாய் விவகாரம் மட்டும் வரக் கூடாது. எனக்கு வந்தது.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டை ஒட்டி எங்கள் காலனி. அறுபது சொச்சம் வீடுகள், ஒரு இரும்பு கேட், ஒரு நோட்டீஸ் போர்டு. நான் அரசு ஆபீஸ் ஒன்றில் முப்பது வருடம் கடிதம் எழுதியே ஓய்வு பெற்றவன். எழுதி என்று சொன்னால் எங்கள் ஆபீஸில் கோபம் வரும், ‘வரைந்து’ என்றுதான் சொல்ல வேண்டும். என் வரைவில் ஒரு புள்ளியைக்கூட மேலதிகாரிகள் மாற்றியதில்லை என்று வீட்டில் அடிக்கடி சொல்லுவேன். அந்தப் பெருமை என்னை எங்கே கொண்டு போய் நிறுத்தியது என்பதற்குத்தான் இந்தத் துணுக்குகள். ஆரம்பத்தில் கொஞ்சம் சிரிக்கலாம்.

ஏகமனதாக

சங்கக் கூட்டம் நடந்த அன்றைக்கு நான் ஊரில் இல்லை. வாசுதேவநல்லூரில் மச்சினன் வீட்டில் ஒரு துக்கம். போய்விட்டு மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கினால் காலனி கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் அடிக்கிறார். அதற்கு முன் அவர் என்னைப் பார்த்து எழுந்ததே கிடையாது. ஏதோ கெட்ட காரியம் நடந்திருக்கிறது என்று அப்போதே மனதில் பட்டது.

சங்கத் தலைவர் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். நேரே கடைக்குப் போய், “என்னைக் கேக்காம எப்படிங்க போட்டீங்க?” என்றேன். அவர் ஒரு சேலையை மடித்துக்கொண்டே தலைகூட நிமிராமல் சொன்னார்:

“வராத ஆளு நீங்க ஒருத்தர்தான் அண்ணாச்சி. எதிர்ப்பு சொல்ல ஆளில்ல. ஏகமனதா முடிஞ்சிட்டு.”

இரண்டும் வேறு வேறு

எங்கள் காலனியில் பால்த்துரை அண்ணாச்சியைத் தெரியாதவர் கிடையாது. ஹார்டுவேர் கடைக்காரர், நல்ல மனுஷர், குரல் மட்டும் கொஞ்சம் பெரிசு. அவரிடம் ராஜா என்று ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய். இடுப்பு உயரம் இருக்கும். அதை அவர் கட்டுவதே இல்லை. காலையும் மாலையும் ராஜா முன்னால் போகும், அண்ணாச்சி நூறடி பின்னால் செல்போன் பேசிக்கொண்டே வருவார்.

மூன்றாவது தெருவில் ரஹ்மத் என்று ஒரு பெண். கணவர் கல்ஃபில். அவளுடைய மகள் ஆயிஷா ஆறாம் வகுப்பு. ஒருநாள் சாயங்காலம் டியூஷனுக்குச் சைக்கிளில் போன பிள்ளையை ராஜா விரட்டியது. பிள்ளை பயந்து சைக்கிளோடு சாக்கடை ஓரம் விழுந்து இடது கை முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு பிள்ளையை நிறுத்தி வைத்து ரஹ்மத் என்னிடம், “சார், இவ இனி வாசப்படி தாண்ட மாட்டேங்கா. நாய் சத்தம் கேட்டாலே மூத்திரம் போயிருதா. நீங்கதான செக்ரட்டரி, ஏதாவது செய்யுங்க” என்று அழுதாள்.

அந்தச் சூட்டோடு பால்த்துரை அண்ணாச்சியிடம் போனேன். அவர் எனக்குக் காபி கொடுத்து, பிள்ளைக்கு ஆகிற ஆஸ்பத்திரிச் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அப்படியென்றால் தப்பை ஒத்துக்கொள்கிறாரே என்று நான் சந்தோஷப்படுவதற்குள் கையை உயர்த்தினார்:

“கடிச்சுதா அண்ணாச்சி? கடிக்கல்லியே. நாயி ஓடிச்சு, பிள்ளை விழுந்துட்டு. ரெண்டும் வேற வேற கேஸு.”

ஏழாவது விதி

சட்டம் போட்டால்தான் சரிப்படும் என்று முடிவு செய்தேன். பெங்களூரில் இருக்கும் என் மருமகன் அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் விதிகளை வாட்ஸப்பில் அனுப்பினார். எல்லாம் இங்கிலீஷ். அதில் ஏழாவது விதி, நாயை வெளியே கொண்டு வந்தால் ‘லீஷ்’ போட்டிருக்க வேண்டும் என்றது. இந்த லீஷுக்குத் தமிழில் என்ன எழுதுவது? சங்கிலி என்றால் கயிறு வைத்திருப்பவன் தப்பித்துக்கொள்வான். கயிறு என்றால் பெல்ட்டுக்காரன் தப்பித்துக்கொள்வான். நம் பக்கத்தில் நாய் ஒன்று கட்டிக் கிடக்கும், இல்லையென்றால் அவிழ்ந்து திரியும். கட்டிய மேனிக்கு நடந்து போகிற நாய்க்கு நம்மிடம் தனியாக ஒரு சொல்லும் இல்லை. ஒரு மணி நேரம் யோசித்து, எங்கள் விதிப் பட்டியலிலும் அதை ஏழாவதாகவே வைத்து, “காலனியில் நாய் வளர்ப்போர் தங்கள் நாய்களை எப்போதும் கட்டியே வைக்க வேண்டும்” என்று வரைந்தேன். ‘எப்போதும்’ என்பது இங்கிலீஷில் இல்லை. நானாகச் சேர்த்தது. படிக்கும்போது எடுப்பாக இருந்தது.

கூட்டத்தில் வாசித்தேன். “வெளிய கூட்டிட்டு வரும்போதுதான? வீட்டுக்குள்ள இல்லல்லா?” என்று யாரோ கேட்டார்கள். “ஆமா ஆமா, வெளிய வந்தா மட்டும்தான்” என்று தலைவர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். வாயால் சொன்னதே போதும் என்று நானும் எழுத்தைத் திருத்தவில்லை. ஏற்கெனவே எழுபது பிரதி எடுத்து வைத்திருந்தேன்.

முன்வரிசையில் சண்முகத்தாய் அக்கா உட்கார்ந்திருந்தாள். காலனியில் தறிக்காரம்மா என்றால்தான் தெரியும். புருஷனும் அவளுமாக முப்பது வருடத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர்கள். அந்தச் சத்தம் அவள் காதைத் தின்றுவிட்டது, அறவே கேட்காது. புருஷன் போன பிறகு ஒற்றை ஆள். பேசுகிறவர் வாயைப் பார்த்துக் கொஞ்சம் புரிந்துகொள்வாள், ஆனால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் யார் வாயைப் பார்ப்பாள்? அன்றைக்கு எல்லா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் எழுந்து என்னிடம் வந்து, தறிக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற அதே உரத்த குரலில் கேட்டாள்:

“உங்க மீசை வாயை மறைக்கு சார். முடிவு என்னன்னு எழுதித் தாரியளா?”

ஒரு பிரதியை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

கழுத்தில் கட்டியாச்சு

நோட்டீஸ் ஒட்டிய மூன்றாம் நாள் காலையில் ராஜா தெருவில் வந்தது. கழுத்தில் சிவப்பு நைலான் கயிறு, ஏழெட்டு அடி நீளம். கயிற்றின் மறுமுனை ரோட்டில் புழுதியைப் பெருக்கிக்கொண்டு வந்தது. நூறடி பின்னால் வழக்கம்போல் செல்போனும் அண்ணாச்சியும். ராஜாவைப் பார்த்து ஒரு ஸ்கூட்டர்க்காரர் பிரேக் பிடித்தார், அந்தக் கயிறு சக்கரத்தில் சுற்றிக்கொள்ளப் பார்த்தது.

நான் அண்ணாச்சியிடம் நோட்டீஸைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். என் வரைவைக் குறை சொல்ல ஆள் பிறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் மார்பை நிமிர்த்தி நின்றேன். அந்த இடத்திலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அண்ணாச்சி நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“கட்டணும்னுதான எழுதியிருக்கு? கழுத்துல கட்டியாச்சு. கையில பிடிக்கணும்னு எங்க எழுதியிருக்கிய?”

மணி

தறிக்காரம்மா வீட்டு நாயின் பெயர் மணி. செம்பழுப்பு நிறம், சாதாரணத் தெருநாய். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். ஆயிஷாகூட அதற்கு மட்டும் பயப்படமாட்டாள், அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடுதான். அந்த நாய் யாரையும் விரட்டியதில்லை. அதற்கு வீட்டில் வேறு வேலை இருந்தது. கேட் கொண்டி சத்தம் கேட்டால் உள்ளே ஓடி அந்த அம்மாவின் முந்தானையைப் பல் படாமல் கவ்வி இழுக்கும். குக்கர் விசில் அடித்தால் முழங்காலில் மூக்கால் முட்டும். யாரும் பழக்கவில்லை, அதுவாகவே பிடித்துக்கொண்டது. நான் போகிறபோதெல்லாம் கேட்டை ஆட்டிய அரை நிமிஷத்தில் அந்த அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள், பின்னாலேயே மணி வாலை ஆட்டிக்கொண்டு வரும்.

விதி வந்தபின் ஒருநாள் தண்ணீர்த் தொட்டி கழுவுகிற தகவல் சொல்லப் போனேன். மணி முன்ஜன்னல் கம்பியில் கட்டிக் கிடந்தது. நிழலிலும் வெயிலிலும் மாறி மாறிப் படுக்கட்டும், தண்ணீர்ச் சட்டி எட்டட்டும் என்று கயிற்றை நன்றாக நீளமாக விட்டிருந்தாள். பழைய நூலை முறுக்கி அவளே திரித்த கயிறு. கேட்டை ஆட்டினேன். மணி கதவுப் பக்கம் ஓடியது, கயிறு இழுத்தது, என்னைப் பார்த்தது, திரும்பவும் கதவுப் பக்கம் ஓடியது. கால் மணி நேரம் இதே கதைதான். உள்ளேயிருந்து தீய்ந்த வாசனை வேறு வந்தது. பக்கத்து வீட்டு ரஹ்மத்துதான் பின்வாசல் வழியாகப் போய் அடுப்பை அணைத்தாள். எனக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் ஒருவர் நின்றிருந்தார். மூன்றாவது தடவையாக வருகிறாராம். சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

“முன்னெல்லாம் நாயி உள்ள போய் அந்தம்மாவக் கூட்டிட்டு வந்துரும் சார். இப்ப கத்த மட்டும்தான் செய்யுது. யாருக்குக் கேக்கதுக்கு?”

எல்லாருக்கும் ஒரே விதி

இதை எழுதுவதற்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இதைப் பார்த்த வேறு ஆள் கிடையாது.

அன்றைக்கே, மற்றவர்கள் போன பிறகு, அந்த அம்மா என்னைக் கேட்டாள். கேட்டின் உள்பக்கம் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் நூலில் தொங்கும். வருகிறவர்கள் சொல்ல வேண்டியதை அதில் எழுத வேண்டும். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, “வீட்டுக்குள்ள இருக்கையிலயும் கட்டணுமா சார்? அது இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடமாட்டேங்கு” என்றாள். கூட்டத்தில் வாயால் பேசியதை நான் ஒரு வரியில் எழுதியிருக்கலாம்: ‘வேண்டாம், வெளியே வந்தால் மட்டும் போதும்.’ பேனாவைத் திறந்தும் விட்டேன். அப்போது பால்த்துரை அண்ணாச்சி ஞாபகம் வந்தது. இந்த அம்மாவுக்கு ஒரு சலுகை என்று என் கையெழுத்தில் ஒரு வரி கிடைத்தால் போதும், அவர் அதைப் பிடித்துக்கொண்டு காலனியையே கலக்கிவிடுவார். என் விதியில் ஓட்டை என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். ராஜா விஷயம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, ‘எல்லாருக்கும் ஒரே விதி’ என்று எழுதினேன்.

அவள் அதை விரல் வைத்துப் படித்தாள். முகம் கொஞ்சம் வாடியது. பிறகு நோட்டை மூடி ஆணியில் மாட்டிவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னாள்:

“சரி சார். எழுத்துல இருந்தா செய்யத்தான செய்யணும்.”

சடங்கு வீட்டு வெடி

பால்த்துரை அண்ணாச்சி மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். காலனியே பந்தலில் இருந்தது. தறிக்காரம்மாவும் காலையிலேயே வந்து பிள்ளைக்குச் சந்தனம் பூசிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். பகல் பன்னிரண்டு மணி வாக்கில் சிவகிரியிலிருந்து தாய்மாமன் சீர் வேனில் வந்து இறங்கியது. மேளம், தட்டுகள், அப்புறம் வெடி. எங்கள் பக்கத்தில் வெடிக்குப் பஞ்சமா? பத்தாயிரம் வாலாவைக் கேட்டிலிருந்து மூன்றாவது தெரு முனை வரைக்கும் நீட்டிப் போட்டுவிட்டார்கள். ராஜாவை உள் அறையில் ஃபேன் போட்டுப் பூட்டி வைத்திருப்பதாக அண்ணாச்சி என்னிடம் சொன்னார். “சத்தத்துக்கு நடுங்கும் பாவம்” என்றார்.

நான் இரண்டாம் பந்தியில் இருந்தேன். வெடிக்கு நடுவே மணியின் குரல் கேட்டது. குரைப்பு இல்லை, வேறு மாதிரி ஒரு கத்தல். எனக்கு அந்தக் குரல் தெரியும். இலையில் அப்போதுதான் சாம்பார் ஊற்றியிருந்தார்கள். எழுந்திருக்கவில்லை. வெடி முடிவதற்கு முன்பே அந்தக் கத்தல் நின்றுவிட்டது. நின்றதும் அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த ‘அப்பாடா’வைத்தான் இன்று வரை என்னால் விழுங்க முடியவில்லை.

ஆயிஷாதான் ஓடி வந்து சொன்னாள். கைகூடக் கழுவாமல் போனேன். மணி பயத்தில் சுற்றுச்சுவரைத் தாண்டிக் குதித்திருக்கிறது. கயிறு சுவரைத் தாண்டுகிற அளவுக்கு நீளம். தரையைத் தொடுகிற அளவுக்கு இல்லை. பால்த்துரை அண்ணாச்சி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து நாயை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை, சமையல்காரரின் அரிவாள்மனையை வாங்கி வந்து அறுத்தோம். முன்கதவு திறந்துதான் கிடந்தது. தறிக்காரம்மா அடுக்களையில், எங்களுக்கு இருபதடி தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் போய்க் கூட்டி வருவதற்கு அங்கே நாய் இல்லை. ரஹ்மத் போய்த் தோளைத் தொட்டாள்.

அந்த அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். மணியின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மடிந்த காதை எடுத்து நேராக்கிவிட்டாள். அது திரும்பவும் மடிந்தது. அழவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாருமே வாயைத் திறக்காததால் அவளுக்குப் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“சத்தம் போட்டுதா சார்?”

திருத்தம்

அடுத்த வாரமே கூட்டம் போட்டு ஏழாவது விதியைத் திருத்தினேன். “நாய்களை வீட்டுக்கு வெளியே அழைத்து வரும்போது மட்டும், ஆறு அடிக்கு மிகாத கயிற்றில், கையில் பிடித்து வர வேண்டும்.” ‘எப்போதும்’ இல்லை. ‘கட்டி’ இல்லை. முதல் கையெழுத்துப் போட்டவர் பால்த்துரை அண்ணாச்சி. இப்போது ராஜா அவர் கையை ஒட்டித்தான் நடக்கிறது. ஆயிஷா மறுபடியும் சைக்கிளில் டியூஷனுக்குப் போகிறாள். ஆக, சட்டம் போட்ட நோக்கம் முழுசாக நிறைவேறிவிட்டது என்று பழைய ஆபீஸ் பாஷையில் எழுதலாம்.

வீடு வீடாகத் திருத்தத்தைக் கொடுத்துக்கொண்டே போனேன். தறிக்காரம்மா வீட்டு கேட்டில் நின்று கொண்டியை ஆட்டினேன். பழக்கதோஷம். இரண்டாம் தடவையும் ஆட்டினேன். ஜன்னல் கம்பியில் அறுத்த கயிற்றின் மிச்சம் அப்படியே கிடந்தது. பிறகு ரஹ்மத் வீட்டில் சொல்லித்தான் அந்த அம்மாவை வரவழைக்க வேண்டியிருந்தது. வந்தாள். காகிதத்தை வாங்கி விரல் வைத்து முதலிலிருந்து படித்தாள். ‘ஆறு அடி’ என்ற இடத்தில் விரல் நின்றது. நான் நோட்டை எடுத்து மன்னிப்பு மாதிரி ஏதாவது எழுதலாம் என்று பேனாவைத் தேடினேன். அதற்குள் அவள் நிமிர்ந்து, கோபமே இல்லாத குரலில், நான் ஏதோ தெரியாமல் விட்டுவிட்டதைச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள்:

“முப்பது வருசம் சேலை நெய்ஞ்சவ சார் நான், அளவு சொன்னா ஒரு விரக்கடை பிசகாது. அதுல நீளம் எழுதலியே. எழுதியிருந்தா அளந்து கட்டியிருப்பேன்லா.”

முப்பது வருடம் நான் வரைந்த கடிதங்களைப் பாதிப்பேர் படிக்காமலே ஃபைலில் போட்டார்கள். என் எழுத்தை வார்த்தைக்கு வார்த்தை நம்பிப் படித்த ஒரே ஒருத்திக்குத்தான், எடுப்பாக இருக்கட்டும் என்று ஒரு வார்த்தையைக் கூடுதலாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.